வரகுக்கோழியும் புல் அறுக்கும் காலமும்

பழவேற்காட்டு ஏரியில் இறங்கும் பூநாரைகளை நம் ஆரம்பாக்கம் அங்கத்தினர்கள் நன்கறிவர். வரகுக்கோழியை அறிந்தவர் இன்று அரியர். கானமயிலின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் கோழியளவேயான இப்பறவை, முன்னாளில் குஞ்சு பொரித்த பின்னர் வடக்கிலிருந்து தென்னாட்டுப் புன்செய்களுக்கு வந்து போயிற்று. வரகுக் கொல்லையில் கண்டே இப்பெயரிட்டனர் போலும்.

குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் மழைக்காலத்தில் அது முட்டையிடுகிறது. புல் வளர்ந்ததும் சேவல் அதற்கு மேலே எழும்பியெழும்பிக் குதித்துப் பெட்டையை அழைக்கும். நாளொன்றுக்கு 500 முறை வரை குதிப்பதுண்டு. வேட்டைக்காரர் குறி வைக்க அதுவே வசதியாயிற்று! பெட்டையோ கூடு கட்டுவதில்லை; வெறுந்தரையில் மூன்று நான்கு முட்டையிட்டு, சுமார் மூன்று வாரம் அடைகாக்கிறது.

சௌராஷ்டிரத்தில் 'வீடி' எனப்படும் புல்வெளிகளில், மழை தீருமட்டும் மாடு விடாமல் காத்து, பின்னரே தீவனத்துக்கு அறுப்பது வழக்கம். தீவனமும் மிகும், குஞ்சும் அதற்குள் பறந்துவிடும். புல்வெளி உழவுநிலமாக மாறிய இடங்களில் இவ்வினம் சுருங்கிற்று. 2021-இல் மிக அபாய நிலையிலுள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அஜ்மீர்ப் பக்கத்தில் இன்று பயறு, சோளக் கொல்லைகளிலும் முட்டையிடுகிறது. அங்கே அதன் கதி உழவர் கையில். மத்தியப் பிரதேசத்துச் சைலானாவில், பறவையைக் கண்டு தெரிவித்துக் காத்த உழவர்களுக்கு வனத்துறை பரிசளித்ததுண்டு.

நம் கொல்லைகளில் ஆள்காட்டியும் கௌதாரியும் இவ்வாறே தரையில்தான் முட்டையிடுகின்றன. உழும்போது ஆள்காட்டி தலைக்குமேல் சுற்றிக் கத்தினால், முட்டை அருகில் இருக்கிறதென்று கொள்ளலாம். ஏரோ டிராக்டரோ, அந்த ஒரு முழ இடத்தைச் சுற்றிப் போவதால் விளைச்சல் குறையாது.