அணு உலையும் அடுப்பு உலையும்

திண்ணனூர் நாட்டிலே அணு உலை இல்லை. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் 14 நாடுகளில் எதிலுமே இல்லை. பின் எதற்காக அந்த மலைவாழ் மக்களை வைத்து அணு உலை மூடும் கதை பேசுகிறீர்கள் என்று கேட்கலாம். சொல்கிறோம்.

அங்கே மரவள்ளி விளைகிறது. மலைப்பாதை வளைவுகளில் இறங்கும் கிழங்கு, சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. மின்சாரம் நின்றால் ஆலை நிற்கும். ஆலை நின்றால், பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடும். கிழங்கு கெட்டால் மலைக் குடியானவன் வீட்டு அடுப்பிலே உலை ஏறாது. அணு உலைக்கும் அடுப்பு உலைக்கும் உள்ள உறவு இதுதான்!

கல்பாக்கத்தில் தலா 220 மெகாவாட் உலைகள் இரண்டு. முதல் உலை வணிக அளவில் ஓடத் தொடங்கியது 1984இல். கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு. மூடு என்று 2011இல் முழங்கினர் இடிந்தகரை மீனவர். திற என்று 2012இன் மின்வெட்டிலே தவித்தவர் கேட்டனர். இருவரும் நம்மவரே. இருவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. இன்றோ நாளையோ, வயதாகியோ வற்புறுத்தியோ, உலை மூடப்படும் நாளில் செலவுச் சீட்டு யார் தலையில் விழும்?

உலகைப் பாருங்கள். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து. 2012 மே மாதத்துக்குள் ஜப்பானின் உலைகள் அத்தனையும் நின்றன. ஈடுகட்ட எரிவாயுவும் எண்ணெயும் கப்பல் கப்பலாக இறக்குமதியாயின. மின் கட்டணம் ஏறிற்று. கொடுத்தவன் யார்? மாதச் சம்பளக்காரன்!

ஜெர்மனி நாள் குறித்து மூடியது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15இல் ஓய்ந்தன. கழிவைக் காக்க மின் கம்பெனிகளிடமிருந்து 2017இல் சுமார் 2,400 கோடி யூரோ வாங்கி வைத்தது அரசு. நல்லது. ஆனால் 2021இல் அதே கம்பெனிகளுக்கு இழப்பீடாக 240 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்க ஒப்பியது. நிலக்கரியைக் கைவிடவோ 2020இல் சட்டம். சுரங்க வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை உதவி. மூடுமுன்பே ஊருக்கு வழி செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி.

இங்கே என்ன நடக்கிறது? கொல்லிமலைக்கு மூடுவிழா புதிதல்ல. அங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிற்று. 2008இல் ஆலை நின்றது. மலையில் வெட்டுவதும் நின்றது. கம்பெனியின் மின் நிலையம் மட்டும் 2017 வரை மின்சாரம் விற்றது. முதலாளிக்கு விற்க மின்சாரம் இருந்தது. கடப்பாரை பிடித்தவனுக்கு விற்க என்ன இருந்தது, கடப்பாரையைத் தவிர?

இப்போது அணு உலைக் கணக்குக்கு வருவோம். உலையைப் பிரிக்கும் நாளுக்கென்று யூனிட்டுக்கு 2 காசு ஒதுக்குவது இந்நாட்டு ஏற்பாடு. 1,000 மெகாவாட் உலை ஒரு மணி நேரத்தில் தருவது 10 லட்சம் யூனிட்; 2 காசு வீதம் 20,000 ரூபாய். ஆண்டு முழுதும் நிற்காமல் ஓடினால் 17½ கோடி. 40 ஆண்டு ஓடினால், வட்டி நீங்கலாக, 700 கோடி. அமெரிக்காவிலோ ஓர் உலையைப் பிரிக்கப் பொதுவாக 30 கோடி டாலருக்கு மேல் ஆகிறது. நம் பணத்தில் 2,500 கோடிக்கும் அதிகம். நம் நாட்டில் கூலி மலிவு என்பார்கள். பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் துண்டு விழுகிறதே! வட்டி அத்தனையையும் அடைக்கும் என்று டில்லி சொல்லுமானால், கணக்கேட்டை மக்கள் முன் விரிக்கட்டும்.

நாம் கேட்பது மூன்று. உலை மூடும் நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் மாற்று வேலையைச் சட்டத்தில் எழுத வேண்டும். மாற்று மின்சாரம் வந்து சேரும் நாளும், உலை நிற்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

திறப்பு விழாவுக்கு மேடை போடுகிறார்கள். மூடும் நாளுக்கும் இப்போதே பணம் போடட்டும். போடாவிட்டால், அந்தப் பணம் திண்ணனூர் நாட்டுக் குடிசையின் மின்சாரச் சீட்டிலே வந்து நிற்கும்.