வாழை இலை மஞ்சளாகிறதா? உரத்தைத் தொடும் முன் தண்டை வெட்டிப் பாருங்கள்!

‘ரஸ்தாளி போட்டு ஆறு மாசம் ஆச்சு. அடி இலை பழுத்துத் தொங்குது. பொட்டாஷ் கூட வைக்கலாமா?’

வாழை விளையும் ஊர்களின் உரக்கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடைக்காரர் கையில் இருப்பது இலையின் படம் மட்டும். அவரும் ஒரு மூட்டை பொட்டாஷும் ஒரு பூஞ்சணக்கொல்லியும் எடுத்துக் கொடுத்துவிடுவார். வந்தது பொட்டாஷ் குறைவு என்றால் மரம் தேறிவிடும். வந்தது வாடல் நோய் என்றால் செலவு போனதோடு நிற்காது. ‘உரம் வைத்தாச்சு, பிடித்துக்கொள்ளும்’ என்று காத்திருக்கும் ஒரு மாதத்தில், பாசனத் தண்ணீரோடு நோய் அடுத்த வரிசைக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் போய்விடும். ஏக்கருக்கு ஆயிரத்துக்கும் மேல் மரம் நிற்கும் பயிரில் அந்த ஒரு மாதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது எந்த இலை மஞ்சளாகிறது என்பது. தழைச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை மரத்துக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் மரம் கிழவன் இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் அடி இலைதான் முதலில் கெடும். இரும்பு, கந்தகம், சுண்ணாம்பு, போரான் அப்படி நகராதவை. இவை குறைந்தால் அடி இலை பச்சையாக இருக்க, புது இலை வெளுத்தோ கோணிக்கொண்டோ வரும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் குருத்து இலை வெள்ளைக் காகிதம் போல வருவது இரும்புக் குறைவால்.

சிக்கல் எங்கே என்றால், வாடல் நோயும் அடி இலையில்தான் தொடங்குகிறது. பொட்டாஷ் குறைவும் அங்கேதான். இரண்டிலும் இலை மஞ்சளாகிறது, காம்பு மடிகிறது, காய்ந்த இலை பாவாடை கட்டியது போலத் தண்டைச் சுற்றித் தொங்குகிறது. தூரத்தில் நின்று பார்த்தால் அனுபவசாலியும் ஏமாறுவார்.

கிட்டே போனால் வித்தியாசம் தெரியும். பொட்டாஷ் குறைவில் அடி இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, நுனியிலிருந்து வேகமாகக் கருகி, உட்பக்கமாகச் சுருளும். நடுநரம்பு முறிந்து இலை தொங்கும். மணல்பாங்கான இடத்திலும், உரம் எட்டாத ஓரங்களிலும் பல மரங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெரியும். தார் சிறுத்து, காய் திரளாது. வாடல் நோயில் மஞ்சள், இலை விளிம்பில் ஆரம்பித்து நடுநரம்பை நோக்கி வரும். காம்பு தண்டை ஒட்டிய இடத்தில் மடியும். சில மரங்களில் தண்டின் அடிப்பாகம் நீளவாக்கில் வெடிக்கும். குருத்து மட்டும் சில நாள் பச்சையாக நிமிர்ந்தே நிற்கும். தோட்டம் முழுக்க ஒரே நாளில் வராது. இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று தொடங்கி, தண்ணீர் ஓடும் திசையில் திட்டாகப் பரவும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால் அரிவாள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். சந்தேகப்படும் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தரையை ஒட்டித் தண்டைக் குறுக்கே வெட்டுங்கள். கிழங்கையும் தோண்டிப் பிளந்து பாருங்கள். சத்துக் குறைவு என்றால் உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். வாடல் நோய் என்றால் செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகள் வட்டமாகத் தெரியும். நீளவாக்கில் பிளந்தால் அதே நிறத்தில் கோடுகள் மேலே ஓடும். தண்ணீர் ஏறும் குழாய்களைப் பூஞ்சணம் அடைத்திருப்பதன் அடையாளம் அது. ஒரு மரம் போகிறதே என்று தயங்க வேண்டாம். அந்த மரம் எப்படியும் உருப்படியான தார் தரப்போவதில்லை. வெட்டிய அரிவாளையும் மண்வெட்டியையும் மண் போகக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்த பிறகே அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். சோதனை செய்யப் போய் நோயைப் பரப்பி வைப்பதும் நடக்கிறது.

கோடு தெரிந்தால்? அந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. இதை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம். நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி, தோட்டத்துக்குள் இழுத்துச் செல்லாமல் அழித்துவிட்டு, குழியில் 1 முதல் 2 கிலோ வரை சுண்ணாம்பு இட வேண்டும். அந்தக் குழியைத் தொட்டு ஓடும் வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும். சுற்றியுள்ள நல்ல மரங்களைக் காக்க, கிழங்கில் 45 டிகிரி சாய்வில் 10 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, 2 சதவிகித கார்பன்டாசிம் கரைசல் 3 மில்லி செலுத்தும் முறை நெடுநாளாகப் பரிந்துரையில் உள்ளது. தப்பித்த மரத்தைக் காக்கத்தான் அது உதவும். மஞ்சளான மரத்தில் ஊசி போடுவது வீண்.

இந்தப் பூஞ்சணம் வாழை இல்லாமலேயே மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதியை ஆண்டுகொண்டிருந்த ‘குரோ மிஷல்’ ரகம் இந்த நோயால்தான் 1960-களுக்குள் வணிகத் தோட்டங்களிலிருந்து மறைந்தது. அந்த இடத்துக்கு கேவண்டிஷ் வந்தது. நம் ஜி-9 அந்த வகைதான். அதையும் தாக்கும் புதிய இனம் பீகார், உத்தரப்பிரதேசத் தோட்டங்களில் நுழைந்துவிட்டது. வெளி மாநிலக் கன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால் இரண்டு முறை யோசிக்க வேண்டிய காலம் இது.

நம் ஊரில் ரஸ்தாளி, மொந்தன், விருப்பாட்சி, கற்பூரவல்லி ரகங்கள் வாடலுக்கு எளிதில் மடியும். பூவன் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். நோய் வந்த வயலில் மறுபடியும் ரஸ்தாளி வைப்பதை விட, ஒன்றிரண்டு போகம் நெல் போட்டு, பிறகு பூவனுக்கு மாறுவது நல்லது. ரஸ்தாளிக்கு விலை கூடுதல்தான். ஆனால், தார் வெட்டினால்தானே விலை! நோய் வந்த தோட்டத்திலிருந்து, பார்க்க நன்றாக இருக்கும் பக்கக்கன்றைக்கூட எடுக்கக் கூடாது, விற்கவும் கூடாது. புதுக் கன்றைச் சீவி, கிழங்குக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் தடவி நடலாம்.

தண்டு வெள்ளையாக இருந்தால் நிம்மதி. அப்போது உரக் கணக்கைப் பார்க்கலாம். தோட்டக்கால் நிலத்தில், நேந்திரன் தவிர்த்த ரகங்களுக்கு மரம் ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 110:35:330 கிராம் என்பது பரிந்துரை. 330 கிராம் சாம்பல்சத்துக்கு 550 கிராம் பொட்டாஷ் உரம் வேண்டும். கைப்பிடிக் கணக்கில் வைப்பவர்கள் ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல் 3, 5, 7-ம் மாதங்களில் பிரித்து வைக்க வேண்டும்.

பொட்டாஷை அள்ளி வைத்தும் மஞ்சள் தீரவில்லை என்றால், மெக்னீசியத்தைச் சந்தேகியுங்கள். பொட்டாஷ் மிகுந்தால் மெக்னீசியம் வேருக்குள் போவது குறையும். அடி இலையில் ஓரமும் நடுநரம்பும் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகும். காம்பில் ஊதா நிறத் திட்டுகள் தெரியும். இதற்கு மேலும் பொட்டாஷ் வைப்பது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது. மண் பரிசோதனை செய்து மெக்னீசியம் சல்பேட் கொடுக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம், இலை குறுகி வருவது. துத்தநாகக் குறைவிலும் இலை குறுகும், முடிக்கொத்து நோயிலும் குறுகும். துத்தநாகக் குறைவில் இலையில் மஞ்சள், பச்சைப் பட்டைகள் மாறி மாறி வரும். புது இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும். லிட்டருக்கு துத்தநாக சல்பேட் 5 கிராம், இரும்பு சல்பேட் 2 கிராம், காப்பர் சல்பேட் 2 கிராம், போரிக் அமிலம் 1 கிராம் கலந்து, ஒட்டும் திரவம் சேர்த்து 3, 5, 7-ம் மாதங்களில் தெளித்தால் சரியாகும். முடிக்கொத்தில் இலைகள் நெருக்கமாக, செங்குத்தாக நிற்கும். காம்பின் மேல் உள்ள வெண்பொடியைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தால், தந்திக் குறி போலக் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக இருக்கும். சிறுமலை, கீழ்ப்பழநி மலை விருப்பாட்சித் தோட்டங்களை அழித்தது இந்த வைரஸ்தான். அசுவினி பரப்புகிறது. அதனால் முதலில் பூச்சிமருந்து அடித்து அசுவினியைக் கொன்றுவிட்டு, பிறகுதான் மரத்தைத் தோண்ட வேண்டும். வரிசை மாறினால், ஆட்டிவிட்ட அசுவினி பக்கத்து மரத்தில் போய் உட்காரும்.

சாம்பல் நடுவும் மஞ்சள் வளையமுமாக நீள்புள்ளி இருந்தால் அது சிகடோகா இலைப்புள்ளி. மழைக்காலத்தில் வரும், பாதித்த இலையை அறுத்து எரிக்கலாம், பதறத் தேவையில்லை.

தண்டை வெட்டியும் தெளிவாகவில்லை என்றால், இலைப் படத்தோடு நிற்காமல், நிறம் மாறிய தண்டுத் துண்டைக் காகிதத்தில் சுற்றி (பாலித்தீன் பையில் அழுகிவிடும்) எடுத்துச் செல்லுங்கள். திருச்சி அருகே போதாவூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். நட்ட மாதம், ரகம், கன்று வாங்கிய இடம், வைத்த உரம், முதலில் மஞ்சளான மரம் வாய்க்காலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற விவரங்களையும் எழுதிக்கொண்டு போனால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.