ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு முழிச்சிருக்கா? மாலத்தீவு டைவ் படகுப் பயணம், ஒரு அறிமுகம்

(எபிசோடோட எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கேன், மத்தபடி பேசினது பேசின மாதிரியே இருக்கு.)

மாலத்தீவு போயிட்டு வந்து நான் போட்ட போட்டோவைப் பாத்துட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டாங்க: "ஏழு நாளும் படகுலயேவா இருந்தே?" ஆமாங்க, படகுலயேதான். தூக்கம், சாப்பாடு, குளியல், டைவ் எல்லாமே அதுலதான். இதுக்கு லிவ்அபோர்டுன்னு பேரு. மாலத்தீவுல சஃபாரி போட்டுன்னும் சொல்லுவாங்க.

இன்னைக்கு அது எப்படி வேலை செய்யுது, யாருக்கு ஒத்துவரும், என்ன செலவு ஆகும்னு பாக்கலாம். கூடவே, பணம் கட்டறதுக்கு முன்னாடி நான் கேக்காம விட்ட ஒரு கேள்வியைப் பத்தியும் சொல்றேன். எபிசோடே அதுக்காகத்தான்.

ஏன் படகு? ரிசார்ட் போதாதா?

மாலத்தீவு மேப்பை ஒரு தடவை திறந்து பாருங்க. வடக்குலேர்ந்து தெற்கு வரைக்கும் 800 கிலோமீட்டருக்கு மேல நீண்டு கிடக்கு. 1200 தீவு பக்கம் இருக்கு, எல்லாமே மோதிரம் மோதிரமா அடுக்கி வெச்ச மாதிரி. அந்த மோதிரத்துக்குப் பேருதான் அட்டால். உலகம் முழுக்கப் புழங்குற அந்த வார்த்தையே அவங்க திவேஹி மொழியிலேர்ந்து போனதுதான்.

ஒரு ரிசார்ட்ல தங்கினா, அதோட டைவ் படகு சுத்துவட்டாரத்துல ஒரு மணி நேரத்துல போய்ச் சேர்ற இடங்களுக்குத்தான் போகும். மாண்டா திருக்கை ஒரு அட்டால்ல இருக்கும், திமிங்கலச் சுறா இன்னொண்ணுல இருக்கும். லிவ்அபோர்டு அந்தப் பிரச்சினையை எளிமையா தீர்த்துடுது: ஓட்டலையே மீன் இருக்கிற இடத்துக்கு ஓட்டிட்டுப் போயிடுது.

பெரிய படகுல தூங்குவோம், சாப்பிடுவோம். கூடவே ஒரு சின்னப் படகு வரும், அதுக்குப் பேரு தோனி. நம்ம தோணியேதான், காதுல விழுந்ததும் தெரிஞ்சிடும். சிலிண்டர், காத்து நிரப்புற கம்ப்ரஸர், டைவ் சூட்டு எல்லாம் தோனியில இருக்கும். கம்ப்ரஸர் சத்தமும் ஈரத்துணி வாடையும் நாம தூங்குற இடத்துக்கு வராது. நல்ல டிசைன்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவாங்க. ஒரு டீ. அப்புறம் பிரீஃபிங்: வெள்ளைப் பலகையில பாறையோட படம், நீரோட்டம் எந்தப் பக்கம், எங்க குதிக்கணும், எங்க ஏறணும். முதல் டைவ் முடிச்சிட்டு டிபன். பதினொரு மணிக்கு ரெண்டாவது, மதியம் மூணு மணிக்கு மூணாவது. நடுவுல படகு அடுத்த இடத்துக்கு நகர்ந்துட்டே இருக்கும். சாயங்காலம் லகூன் உள்ள அமைதியான தண்ணியில நங்கூரம் போட்டுடுவாங்க.

இதுல மனசை அள்ளுறது நீரோட்டம்தான். அட்டால் வளையத்துல அங்கங்க வாசல் மாதிரி இடைவெளி இருக்கும். அதை கண்டுன்னு சொல்லுவாங்க. வெளிக்கடல் தண்ணி உள்ள வரும்போது பளிங்கு மாதிரி இருக்கும். அந்த வாசல் முனையில சாம்பல் பாறைச்சுறாக்கள் ஓட்டத்தை எதிர்த்து, இறக்கையை விரிச்ச பருந்து மாதிரி அசையாம நிக்கும். நாம பாறையில ஒரு கொக்கியை மாட்டிட்டுக் கொடி மாதிரி படபடன்னு ஆடிக்கிட்டு அதைப் பாக்கணும். 2010-ல அந்த நாட்டுல சுறா பிடிக்கத் தடை போட்டாங்க. அதனாலதான் இந்தக் காட்சி இருக்கு.

மாண்டாவுக்குக் கணக்கு வேற. நம்ம பக்கம் மீனவர்கள் கொம்புத் திருக்கைன்னு சொல்ற வகை. அதுக்குத் தெளிஞ்ச தண்ணி வேண்டாம், நுண்ணுயிர் நிறைஞ்ச கலங்கல் தண்ணி வேணும். அதனால தண்ணி அட்டாலை விட்டு வெளியேறுற பக்கம் போய் நிக்கும். டிசம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காத்து, ஓட்டம் கிழக்கேர்ந்து மேற்கே போகும், மாண்டா மேற்குப் பக்கம். மே மாசத்துக்கு அப்புறம் தென்மேற்குக் காத்து, எல்லாம் தலைகீழ். "எந்த மாசம் போகலாம்?"னு கேக்கறவங்களுக்கு என் பதில்: மாசத்தை முடிவு பண்ணுங்க, படகு எந்தப் பக்கம் போகணும்கிறதைக் காத்து முடிவு பண்ணும்.

பா அட்டால்ல ஹனிஃபாரு விரிகுடான்னு ஒரு இடம். தென்மேற்குப் பருவத்துல, எல்லாம் கூடிவந்தா, மாண்டா கூட்டம் கூட்டமா மேய வரும். அங்க சிலிண்டரோட இறங்கத் தடை. ஸ்நார்க்கல் மட்டும்தான், அதுவும் 45 நிமிஷம்தான். தெற்கு ஆரி அட்டால்ல திமிங்கலச் சுறா வருஷம் முழுக்க இருக்கும். அதுகிட்ட உடம்புலேர்ந்து மூணு மீட்டர், வாலுலேர்ந்து நாலு மீட்டர் தள்ளி இருக்கணும். உண்மையைச் சொல்லணும்னா, பத்துப் படகு ஒரே மீனைத் துரத்துறதை நானே பாத்தேன். மீன் கீழே போயிடுச்சு. நல்ல கைடுன்னா, கூட்டத்தைப் பாத்ததும் "வேண்டாம், திரும்பலாம்"னு சொல்லுவார். அதுக்காக அவர்கிட்ட கோவிச்சுக்காதீங்க.

யாருக்கு ஒத்துவரும்?

ஆரம்பநிலை ஓபன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். கண்டு வாசல்கள் பெரும்பாலும் அதைவிட ஆழம், ஓட்டமும் அதிகம். அதனால அட்வான்ஸ்டு முடிச்சிட்டுப் போங்க. மாலத்தீவு விதிப்படி பொழுதுபோக்கு டைவ் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. சில படகுகள் குறைஞ்சது 30, 50 டைவ் பண்ணின அனுபவம் கேப்பாங்க. கேக்கலைன்னாதான் நீங்க யோசிக்கணும். நான் பாண்டிச்சேரியில கத்துக்கிட்டு, அந்தமான்ல கொஞ்சம் பழகிட்டுதான் போனேன்.

இன்னொண்ணு நைட்ரஜன். ஒரு நாளைக்கு மூணு டைவ்னு ஆறு நாள் பண்ணினா, உடம்புல கரையுற நைட்ரஜன் முழுசா வெளியேற நேரமே கிடைக்காது. டைவ் கம்ப்யூட்டர் சொல்றதைத் தாண்டக் கூடாது. இந்த மாதிரி பல நாள் டைவ் பண்ணிட்டு விமானம் ஏறணும்னா குறைஞ்சது 18 மணி நேரம் இடைவெளி வேணும். அதனாலதான் கடைசி நாள் டைவே இருக்காது. விலையைக் கணக்கு போடும்போது ஏழு நாளை டைவ் நாளா எண்ணாதீங்க.

விலை? நான் விசாரிச்ச படகுகள் ஒரு வாரத்துக்கு ஆளுக்கு 1500 டாலர்லேர்ந்து 2500 டாலர் வரைக்கும் சொன்னாங்க. தங்கறது, சாப்பாடு, டைவ் அதுல அடக்கம். விமானம், வாடகை டைவ் சாமான், வரி, டிப்ஸ் எல்லாம் தனி. மூணு வருஷமா சேத்து வெச்ச போனஸ் அது எனக்கு.

இப்ப அந்த ராத்திரி

மூணாவது நாள் ராத்திரி, ரெண்டு மணி இருக்கும். தண்ணி தாகம். கீழ்த்தட்டு கேபின்லேர்ந்து படி ஏறி மேல ஹாலுக்கு வந்தேன். லைட்டு எல்லாம் அணைச்சிருந்தது. ஆனா மூலையில ஒரு மேஜை மட்டும் மின்மினிப் பூச்சி மாதிரி மினுக்கிட்டு இருந்தது. கேமரா பேட்டரி, டைவ் டார்ச் பேட்டரி, போன், லேப்டாப். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லேர்ந்து இன்னொண்ணு, அதுலேர்ந்து இன்னொண்ணு. எல்லாம் லித்தியம். நான் போட்ட பேட்டரியும் அதுல ஒண்ணு. ஹால்ல யாரும் இல்ல. சுக்கான் அறைக்குப் போய்ப் பாத்தேன், அங்கயும் யாரும் இல்ல. படகுல இருந்த இருபதுக்கும் மேற்பட்ட பேர்ல முழிச்சிருந்தது நான் ஒருத்தன்தான்.

எனக்கு உடனே கான்செப்ஷன் ஞாபகம் வந்தது. தெரியாதவங்களுக்கு: அது கலிபோர்னியாவுல ஓடின ஒரு டைவ் படகு. 2019 செப்டம்பர் 2, விடியறதுக்கு முன்னாடி, சாண்டா குரூஸ் தீவுகிட்ட நங்கூரம் போட்டு நின்னப்போ தீப்பிடிச்சது. கீழ்த்தட்டுல தூங்கிட்டிருந்த 34 பேரும் இறந்துட்டாங்க. மேல தூங்கிட்டிருந்த அஞ்சு பேர் தப்பிச்சாங்க. தீ எதுனால ஆரம்பிச்சதுன்னு உறுதியா கண்டுபிடிக்க முடியல. ஆனா ராத்திரி சுத்தி வந்து பாக்கறதுக்கு யாரையும் போடலைங்கிறதை விசாரணை ஆணையம் தெளிவா சொல்லிச்சு. 2023-ல கேப்டன் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு.

என்னை ரொம்ப உலுக்கினது இன்னொரு விவரம். அந்தக் கீழ்த்தட்டுக்கு ரெண்டு வழி இருந்தது: ஒரு படிக்கட்டு, ஒரு அவசர வழி. ரெண்டுமே மேல இருந்த ஒரே ஹால்லதான் போய்த் திறந்தது. தீ எரிஞ்சதும் அந்த ஹால்லதான். எங்க வேலையில இதை அடிக்கடி பாப்போம். ஒரு சர்வர் போனா இன்னொண்ணு இருக்குன்னு ரெண்டு வாங்கி வெச்சிருப்பாங்க. ரெண்டும் ஒரே பிளக் பாயிண்ட்ல சொருகியிருக்கும். காகிதத்துல ரெண்டு. கரண்ட் போறப்போதான் தெரியும், அது ஒண்ணுதான்னு.

படகுல இது இன்னும் தீவிரம். ஊர்ல ஓட்டல் தீப்பிடிச்சா ரோட்டுக்கு ஓடலாம், தீயணைப்பு வண்டி வரும், ஆஸ்பத்திரி இருக்கும். அங்க ஓட்டல், ரோடு, தீயணைப்பு வண்டி எல்லாம் அந்தப் படகு ஒண்ணேதான்.

காலையில என் கேபின் பக்கத்துல இருந்த அவசர வழி மூடியைத் தூக்கிப் பாத்தேன். ஏணியில ஏறினா... சார்ஜிங் மேஜைக்குப் பக்கத்துல போய் வெளிய வந்தேன். சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

கைடுகிட்ட சொன்னேன். முதல்ல சங்கடப்பட்டார், அப்புறம் கேப்டன்கிட்ட கூட்டிட்டுப் போனார். கேப்டன் நல்ல மனுஷன். சார்ஜிங்கைத் திறந்தவெளி பின்தளத்துக்கு மாத்தினாங்க, பத்து மணிக்கு மெயினை அணைச்சிடணும்னு விதி போட்டாங்க, ராத்திரி காவலுக்கு ஒருத்தரைப் போட்டாங்க. நிம்மதியா இருந்தது.

கடைசி நாள் ராத்திரி சும்மா எட்டிப் பாத்தேன். காவலுக்குப் போட்ட அண்ணன் நாற்காலியில உக்காந்தபடியே தூங்கிட்டு இருந்தார். கோவம்தான் முதல்ல வந்தது. அப்புறம் யோசிச்சேன்: காலையில அஞ்சரைக்கு எங்க சிலிண்டரை நிரப்புறதும் அவர்தான், பகல் முழுக்கத் தூக்கிக் கொடுக்கிறதும் அவர்தான். அவரை எழுப்பல. நானே பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு விடியற வரைக்கும் உக்காந்தேன். காவல்ங்கிறது ஏற்கனவே களைச்சுப்போன ஒருத்தர் தலையில ஏத்துற கூடுதல் வேலை இல்ல. அதுக்குன்னு ஓய்வு எடுத்த ஒரு ஆள் வேணும். அந்த ஆளோட சம்பளம் நாம கொடுக்கிற விலையில இருக்கணும். ரொம்ப மலிவான படகுல எது குறைஞ்சிருக்கும்னு இப்ப புரியுதா?

பணம் கட்டறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

மெயில்ல கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க.

ஒண்ணு, ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிற ஆள் உண்டா? அவருக்குப் பகல்ல வேற வேலை இருக்கா?

ரெண்டு, பேட்டரி எங்க சார்ஜ் ஆகும்? கேபின்லன்னா வேண்டாம். ஆள் இல்லாத நேரத்துல அணைப்பாங்களா?

மூணு, கீழ்த்தட்டு கேபின்லேர்ந்து ரெண்டு வழியும் வேற வேற இடத்துல போய்த் திறக்குதா?

நாலு, முதல் நாளே, படகு கிளம்பறதுக்கு முன்னாடி, லைஃப் ஜாக்கெட்டைக் கையில கொடுத்து ஒத்திகை நடத்துவாங்களா?

அஞ்சு, ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை, பக்கத்துல மறுஅழுத்த அறை எந்தத் தீவுல?

படகு ஏறினதும் நீங்களே ஒரு வேலை பண்ணுங்க. கேபின்லேர்ந்து மேல்தளம் வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை நடந்து பாருங்க. செங்கடல்ல சீ ஸ்டோரிங்கிற படகு 2024 நவம்பர் 25 விடியக்காலையில கவிழ்ந்தது. நாலு பேர் இறந்தாங்க, ஏழு பேர் காணாமப் போனாங்க. கேபின்ல மாட்டிக்கிட்ட சிலரை மறுநாள்தான் மீட்டாங்க. இருட்டுல, சாஞ்ச படகுல, வழியை உங்க கை ஞாபகம் வெச்சிருக்கணும்.

"இவ்வளவு பயமுறுத்திட்டு, மறுபடி போவியா?"ன்னு அம்மா கேட்டாங்க. போவேன். நாலாவது நாள் ராத்திரி படகோட பின்பக்க விளக்கு வெளிச்சத்துக்கு நுண்ணுயிர் கூட்டம் மொய்ச்சது. அதைத் தின்ன ஒரு மாண்டா வந்தது. வெள்ளை வயித்தைக் காட்டிக் குட்டிக்கரணம் போட்டுக்கிட்டே ரெண்டு மணி நேரம் சுத்திச்சு. சமையல்காரர்லேர்ந்து கேப்டன் வரைக்கும் எல்லாரும் பின்தளத்துல வரிசையா உக்காந்து பாத்தோம், ஒருத்தரும் பேசல. அதைப் பாக்கறதுக்கு அந்தக் காசு தகும்.

அடுத்த தடவை கேள்வியெல்லாம் கேட்டுட்டுத்தான் காசு கட்டுவேன், அவ்வளவுதான். நீங்க ஏதாவது படகுக்கு மெயில் அனுப்பி இந்த அஞ்சு கேள்விக்குப் பதில் வாங்கினா எனக்கும் அனுப்புங்க. நல்ல பதிலோ மழுப்பலோ, ரெண்டுமே உபயோகம்தான். அடுத்த எபிசோட்ல பாக்கலாம். வணக்கம்.