ஒரே கிணறு, இரண்டு எண்

மறைமலை நகரைச் சுற்றி, மனைகளுக்கு நடுவே இன்னும் சில கிணறுகள் பாசனத்துக்கு ஓடுகின்றன. அப்படி ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பக்கத்து நிலத்துத் தம்பி இரண்டு இடத்தில் சோதிக்கக் கொடுத்தார். ஒன்றில் 12, இன்னொன்றில் 53. "அண்ணே, எவன் பொய் சொல்றான்?" என்று தாள்களோடு வந்து நின்றார்.

யாரும் பொய் சொல்லவில்லை. முதல் தாளில் இருப்பது 'நைட்ரேட் நைட்ரஜன்'. இரண்டாவதில் வெறும் 'நைட்ரேட்'. நைட்ரேட்டின் எடை 62 என்றால் அதில் நைட்ரஜன் 14தான், மீதி 48 ஆக்சிஜன். வேர்க்கடலையைத் தோலோடு நிறுப்பதும் பருப்பை மட்டும் நிறுப்பதும் மாதிரி. முதல் எண்ணை 4.43ஆல் பெருக்கினால் இரண்டாவது வந்துவிடும்.

நம் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500, நைட்ரேட்டாக லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கிறது. அமெரிக்காவில் 10, ஆனால் அது நைட்ரஜன் கணக்கு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 12ஐப் பார்த்து, "45க்குக் கீழதானே" என்று அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயலாம். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

பயிருக்கு 12தான் சரியான கணக்கு. 1 லட்சம் லிட்டர், அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய ஓரங்குலம் பாய்ச்சினால், 1.2 கிலோ தழைச்சத்து கூடவே போகிறது. பத்துப் பாய்ச்சலுக்கு 12 கிலோ. யூரியாவில் சொன்னால் 26 கிலோ! அதுக்கு மேலே மீன் அமிலமும் ஊத்தினா பயிர் கருகருன்னு வளர்ந்து பூச்சியைக் கூப்பிடும்.

சோதிக்கக் கொடுக்கும்போதே எந்தக் கணக்கில் தருகிறார்கள் என்று கேட்டு, தாளிலேயே எழுதி வாங்குங்கள். யூரியா போடாதவருக்கும் இது உண்டு. கிணற்றடியில் எருக்குழி வைத்தால் அதன் நைட்ரேட்டும் மழையோடு உள்ளேதான் இறங்கும்.