தன் முகம் தீட்டுதல்

பிறர் முகத்தை வரைவது ஒரு கலை. தன் முகத்தைத் தானே வரைவதோ கலையும் தேர்வும் ஆகும். எண்ணெய் வண்ணத்தில் அத்தேர்வு இன்னும் கடினம். காரணங்கள் மூன்று.

முதலாவது, கண்ணாடி. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் என் முகத்தை நானே வரைந்தேன். என் வலக் கன்னத்து மச்சம் படத்தில் இடக் கன்னத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டது! உடன் பயின்றோர் நகைத்த பின்னரே பிழை விளங்கிற்று. கண்ணாடி அளவிலும் ஏமாற்றும். ஆவி படிந்த கண்ணாடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அங்கே தெரியும் முகத்தின் விளிம்பை விரலால் வரைந்து அளந்து பாருங்கள். உண்மை முகத்தில் பாதி உயரமே இருக்கும்.

இரண்டாவது, எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் நீர்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுவது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். மாறினால் நாளடைவில் வெடிப்புக் காணும். ஆகவே, அடுக்கடுக்காகத் தீட்டும் படம் முடிய வாரங்கள் பல ஆகும். அதற்குள் ஒளி மாறும், முகக்குறிப்பும் மாறும்.

மூன்றாவது, தன்மீதுள்ள பற்று. இதனை வென்றவர் ஆலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669). எண்ணெய் வண்ணத்தில் மட்டும் ஏறத்தாழ 40 முறை அவர் தம்மைத் தீட்டினார். 1656-இல் கடனால் நொடித்து, உடைமைகளை ஏலத்தில் இழந்தார். அதன்பின் தீட்டிய படங்களில் தளர்ந்த கன்னத்தையும் சுருங்கிய நெற்றியையும் அவர் மறைக்கவில்லை. அவற்றுள் ஒன்று லண்டன் கென்வுட் மாளிகையில் உள்ளது. அதனை ஊடுகதிரால் ஆராய்ந்தபோது, கண்ணாடியில் கண்டவாறே தூரிகையை முதலில் இடக்கையில் தீட்டிப் பின்னர் மாற்றியிருந்தமை தெரிந்தது. கண்ணாடி செய்த பிழையை அவர் திருத்தினார். காலம் செய்த கோலத்தைத் திருத்தவில்லை.

இதனைப் படித்தபோது என் பழைய படம் நினைவிற்கு வந்தது. மச்சம் இடம் மாறியது அறியாமையால். ஆனால், என் நெற்றித் தழும்பை நான் வரையாமலே விட்டிருந்தேன். அதை எவரும் கவனிக்கவில்லை. அஃது அறியாமையன்று. நாள்தோறும் பிறர் பிழையைத் திருத்தும் ஆசிரியராகிய நாம், நம் முகத்தை ஒருமுறையேனும் உள்ளவாறு வரைய முயலலாம். படம் நன்றாக அமையாவிடினும், பார்வை திருந்தும்.