மேயக் கட்டும் மாட்டுக்கு மழையில் யார் துணை?

1958, 1977 கலவரங்களுக்குப் பின் வன்னிக்குப் போன சொந்தக்காரர் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே, முள்ளிவாய்க்கால் இருக்கிற முல்லைத்தீவு மாவட்டத்திலும் வடக்கு, கிழக்கின் மற்ற இடங்களிலும், 2022 டிசம்பரில் மழையும் குளிர்காற்றும் சேர்ந்து நூற்றுக்கணக்கான ஆடு மாடுகள் செத்துப்போயின. வெட்டவெளியில் நனைகிற மாட்டுக்கு உடம்புச்சூடு இறங்கிவிடும். கட்டிக் கிடந்தால் ஒதுங்கவும் வழியில்லை.

நம்ம மலையில் குளிருக்குக் குறைவா? ஆகவே கவனமாகக் கட்டுவோம். கழுத்துக்குச் சுருக்கு முடிச்சு வேண்டாம். இழுக்க இழுக்க இறுகும். கயிறு எட்டுகிற தூரத்தில் கானோ, செங்குத்துச் சரிவோ இருக்கக்கூடாது. மாடு சறுக்கினால் கயிறே தூக்காகிவிடும். குடிக்கத் தண்ணீர் எட்ட வையுங்க.

பிரட்டுக்குப் போகுமுன் வானத்தைப் பாருங்க. இருட்டியிருந்தால் பட்டியிலேயே கட்டிப் புல் போடுங்க. நாம் மலையில் நிற்கும்போது மழை பிடித்தால் மாட்டை அவிழ்த்து வர, லயத்தில் ஒருத்தரிடம் சொல்லி வைப்போம்.