இமாட்டினிப்: நொதியின் உருவம் சொல்லிக்கொடுத்த மருந்து

சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட ரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் முறிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதில் உருவாகும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற நொதி கட்டுப்பாடின்றி இயங்கி வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. அதை அடக்கும் மாத்திரையான இமாட்டினிப், 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மனித உடலில் இதே கைனேஸ் வகை நொதிகள் 500க்கு மேல் உள்ளன. ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து அமரும் குழி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க, ஒரு நொதியை மட்டும் எப்படிப் பிடிப்பது? 2000இல் ஜான் குரியனின் ஆய்வுக்குழு படிகவியல் மூலம் விடையைக் காட்டியது. இயங்கும்போது கைனேஸ்கள் ஒரே சாயலில் இருக்கின்றன; ஓய்ந்திருக்கும்போதுதான் உருவம் வேறுபடுகிறது. இந்த நொதியின் ஏ.பி.எல். பகுதி ஓய்ந்திருக்கையில் ஒரு மடிப்பு விலகி, குழியின் பின்புறம் இடம் திறக்கிறது. இமாட்டினிப் அதில் நுழைந்து, நொதியை மீண்டும் இயங்கவிடாமல் செய்கிறது.

ஆனாலும் அது கிட் போன்ற வேறு சில கைனேஸ்களையும் பிடிக்கும். கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் வரலாம். ரத்த அணுக்கள் குறையலாம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மருந்து இது. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் ரத்தத்தில் இதன் அளவை வெகுவாகக் குறைத்துவிடும் என்பதால், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

நொதியின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஐசோலியூசின் வந்துவிட்டால் மருந்தைப் பற்றியிருந்த ஹைட்ரஜன் பிணைப்பு போய்விடும், வழியும் அடைபடும். மருந்தின் அளவைக் கூட்டிப் பயனில்லை. பொனாட்டினிப், அசிமினிப் போன்றவையே அங்கு வேலை செய்யும். எனவே 3 மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர்-ஏ.பி.எல். அளவைக் காட்டும் பி.சி.ஆர். (PCR) பரிசோதனை அவசியம். அந்த அளவு ஏறினால், மரபணு மாற்றப் பரிசோதனை வேண்டுமா என்று நோயாளி தயங்காமல் கேட்கலாம். நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இம்மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால்தான் விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைகள் இங்கு தடையின்றிக் கிடைக்கின்றன. மூலக்கூறு அதேதான், நொதியில் அமரும் இடமும் அதேதான். மருந்தை எந்தக் கடையில் வாங்குவது என்று தேர்வதும், பரிசோதனை அறிக்கைகளின் நகலைப் பெறுவதும் நோயாளியின் உரிமை. பக்கவிளைவு ஏற்பட்டால் மருத்துவரிடம் சொல்வதோடு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம்.